மேட்டை அழித்த ரசமட்டம்

சோதனை அறையிலிருந்து “ப்ச்” என்று ஒரு சத்தம் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு “ப்ச்”. பட்டறையில் மெருகுத் துணிகளை அலசிக்கொண்டிருந்த அக்காவுக்கு முதல் சத்தத்திலேயே கை நின்றுவிட்டது. தங்கை லேசில் உச்சுக்கொட்டுகிறவள் அல்ல.

“அக்கா, இங்க வா. சத்தம் போடாம வா.”

முன்னறையில் வாடிக்கையாளர் காத்திருந்தார். அவர் காதில் விழக்கூடாதாம்.

லேசர் கருவிகளுக்கான கண்ணாடிகளை இருபத்திரண்டு வருடமாகக் கையால் மெருகேற்றுகிறவள் அக்கா. செம்பில் செய்தாலும் அந்தப் பட்டறையில் அதற்குப் பெயர் கண்ணாடிதான். அவள் தேய்த்த செம்பின் சமத்துக்கு முன்னால் காற்றில்லாத குளமே வெட்கப்பட வேண்டும். அதனால் அவளுக்கு ரசமட்டம் என்றே பெயர் வந்துவிட்டது. கணவர் அவளை முதன்முதலில் பார்த்தபோது, ஒரு டீக்கடையில் ஆடும் மேசைக்கு அடியில் காகிதத்தை மடித்துச் செருகிக்கொண்டிருந்தாள். அது அவள் மேசைகூட இல்லை, பக்கத்து மேசை. “அங்கேயே விழுந்துட்டேன்” என்பார் அவர். விழுந்தவரையும் நேராக்கித்தான் விட்டாள்.

சோதனை அறைச் சுவரில் ஒட்டிய தாளில் சிவப்பு ஒளி விழுந்திருந்தது. நடுவில் கண் கூசும் ஒரு பொட்டு, சுற்றிலும் மங்கல்.

“வட்டம் முழுக்க ஒரே சீரா இருக்கணும்கா. நடுவுல குவியிற வெளிச்சத்த ஓரத்துக்குத் தள்ளத்தான் ஒரு மேடு வெச்சுக் கடைஞ்சு அனுப்பினாங்க. மேடு எங்க?”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தாநாள் சோதனைத் தகட்டை வைத்துப் பார்த்தபோது கண்ணாடியின் நடுவில் வளையங்கள் தெரிந்தன. மேடோ பள்ளமோ இருந்தால்தான் வளையம் விழும். கடைசல்காரன் கோட்டை விட்டுவிட்டான், பாவம் என்று நினைத்து, வளையங்கள் நேர்கோடாகும்வரை அன்போடு தேய்த்துவிட்டாள். கூட வந்த வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. இத்தனை வருடமும் எல்லா வரைபடமும் சொன்னது ஒன்றுதானே: சமமாக்கு.

“எவ்வளவு உசரம் இருந்துச்சு?”

“தலைமுடி கனத்துல அம்பதுல ஒரு பங்கு.”

“அது ஒரு மேடாடீ?”

“உன் கண்ணுக்கு மட்டும் மலையாத் தெரிஞ்சுதே.”

வாடிக்கையாளரின் ஆலையில் மெல்லிய தகட்டு மூடிகளை லேசரால் பற்றவைக்கிறார்கள். நடுவில் ஓட்டை விழுகிறது, ஓரம் ஒட்டுவதில்லை. இந்த ஒரு கண்ணாடி சரியாக வந்தால் இன்னும் நாற்பது கேட்பார். வராவிட்டால் வேறு பட்டறைக்குப் போய்விடுவார்.

“கடைசல்ல கோளாறுன்னு சொல்லிடுவோமா?” என்றாள் தங்கை, முகத்தைப் பார்க்காமல்.

“அவன் ஒழுங்காத்தான் கொடுத்தான். கெடுத்தது என் கை. அந்தப் பாவத்த அவன் தலையில கட்டிட்டு நான் எப்படித் தூங்குவேன்?”

கையைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பத்தடி தூரம். அதற்குள் இன்னும் இரண்டு தரம் கையைத் துடைத்தாள்.

“சார், கண்ணாடி ரொம்பச் சமமா வந்திருக்கு.”

“நல்லது.”

“அதான் தப்பு சார். நீங்க கேட்ட மேட்ட நான் தேய்ச்சு அழிச்சுட்டேன்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். “தேய்ஞ்சத எப்படிங்க திரும்ப ஒட்டுவீங்க?”

“ஒட்ட முடியாது. நடுவத் தொடாம, சுத்தி இருக்கறதக் குறைக்கிறேன். நடு தானா மேடாயிடும்.”

அவர் அவள் விரல்களைப் பார்த்தார். பிறகு கடிகாரத்தை. “அஞ்சு மணி வரைக்கும்தான்.”

தன் கையாலேயே சமத்தைக் கெடுப்பது, பெற்ற பிள்ளைக்குத் தலை வாரி, அதைக் கலைத்துவிட்டுப் பள்ளிக்கு அனுப்புவதுபோல் இருந்தது. வலது கை பழக்கதோஷத்தில் நடுப்பக்கம் நழுவும்போதெல்லாம் இடது கையால் அதில் ஓர் அடி போட்டாள். பத்து நிமிடம் தேய்த்தால் செம்பு சூடாகிவிடும், சூடான செம்பை அளந்தால் பொய் சொல்லும். ஆற வைத்து, அளந்து, மறுபடி தேய்த்தாள். வாடிக்கையாளர் பொறுக்கமாட்டாமல் வாசற்படிக்கு வந்தார்.

“அங்கயே நில்லுங்க சார். உங்க மூச்சுச் சூடு இதுக்கு ஆகாது.”

“மூச்ச வேணா நிறுத்திக்கவா?”

“அஞ்சு மணிக்கு அப்புறம் விடறதா இருந்தா, சரி.”

தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அவர் சிரித்தபடி திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

நாலரை மணிக்கு மூவரும் தாளின் முன்னால் நின்றார்கள். நடுப்பொட்டு கரைந்து, ஒளி முழுநிலவு போல ஒரே சீராகப் பரந்திருந்தது. தங்கை பெருமூச்சு விட்டாள். அக்கா மட்டும் விரலை நீட்டினாள். “இந்த ஓரத்துல லேசா மங்கல் இருக்கு சார். பாத்துக்கங்க.”

அவர் குனிந்து பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியலையே.”

“எனக்குத் தெரியுது. சொல்லாம விட முடியாது.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். கண்ணாடியைப் பெட்டியில் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

“மெஷின்ல மாட்டிப் பாத்துட்டுத்தான் மீதி நாற்பதப் பத்திச் சொல்வேன்மா. ஆனா, தப்பத் தானே சொல்ற கைய விட்டுட்டு வேற பட்டறைய நான் எதுக்குத் தேடணும்?”

அக்காவுக்குக் கண் நிறைந்து எதிரே எல்லாம் அலையாடியது. தலையை ஆட்டினாள். அவருடைய செருப்புச் சத்தம் படிகளில் இறங்கித் தெருவில் கலந்தது. தங்கை கதவைச் சாத்தினாள்.