ஐஸ்பெட்டியில் ஒன்பது முட்டை

முட்டையை எடுத்து, சூடு பார்க்க மூடிய இமைமேல் வைத்துக்கொண்டார். உள்ளங்கை இரும்பைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போய்விட்டதாம், அதை நம்ப முடியாதாம். "கண்ணு மேல வச்சா கரெக்டா சொல்லிடும் தங்கச்சி" என்றார் என்னிடம். முட்டையின் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, மறுபக்கம் சுழி. காலையில் பெருக்கல் மேலே இருந்தால் மதியம் சுழி. புரட்டி வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். மொத்தம் ஒன்பது. அவை இருந்தது கம்ப்ரஸர் கழற்றிய ஒரு பழைய ஃபிரிட்ஜுக்குள்.

என் வீட்டுக்குக் கீழே கடை வைத்திருக்கும் ஃபிரிட்ஜ் மெக்கானிக் அவர். எந்தப் பெட்டி வந்தாலும் திறந்துகூடப் பார்க்காமல் "கேஸ் போயிடுச்சு" என்பார். அதனால் தெருவுக்கே கேஸ்காரர். முப்பது வருடமாக ஊரையே குளிரவைத்த மனிதர், இப்போது கொஞ்சம் சூட்டுக்காக அல்லாடினார். என் ஃபிரிட்ஜும் மூன்று வாரமாக அந்தக் கடையில்தான் சுவரைப் பார்த்து நின்றது. கேட்டால் வருத்தப்படுவார் என்று பாலை அன்றன்றைக்கு வாங்கிக்கொண்டிருந்தேன்.

முட்டைகள் அக்காவுடையவை. அக்கா என்றால் அவர் மனைவி. செவலைக் கோழி ஒன்றைத் தூக்கி வளர்த்தார். அது பதினான்கு நாள் அடைகாத்தது. அன்று இரை தின்ன எழுந்து வந்து, வாசலில் நின்ற லோடு வண்டிக்கு அடியில் நிழலுக்கு ஒதுங்கியிருக்கிறது. இவர் வண்டியைப் பின்னால் எடுத்தார். "நிறுத்துங்க" என்று அக்கா போட்ட சத்தம் மாடியில் இருந்த எனக்கே கேட்டது. அவருக்குக் கேட்கவில்லை. கம்ப்ரஸர் இரைச்சலில் அவருடைய இடது காது எப்போதோ போய்விட்டது. அக்கா எதைச் சொல்வதானாலும் சுற்றி வந்து வலப்பக்கம் நின்றுதான் சொல்வார். அன்று சுற்றிவர நேரமில்லை.

அதோடு பேச்சு நின்றது. அக்கா அவருடைய இடப்பக்கமாகவே போனார், வந்தார். கைக்கெட்டும் தூரத்தில் புருஷன் உட்கார்ந்திருக்க, "சாப்பாடு மேசை மேல இருக்குன்னு சொல்லிடும்மா" என்று என்னிடம் சொல்வார். நானும் சொல்வேன். அவரும் "சரின்னு சொல்லிடும்மா" என்பார். இந்தத் தபால் உத்தியோகத்துக்கு எனக்குச் சம்பளம்தான் இல்லை.

கோழி போன அன்றைக்கே மதியத்துக்குள் பெட்டி தயாராகிவிட்டது. ஃபிரிட்ஜின் விளக்கு இருந்த இடத்தில் அறுபது வாட் குண்டு பல்பு. சூட்டைக் கூட்டவும் குறைக்கவும் ஃபேன் ரெகுலேட்டர். ஈரத்துக்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர். காற்றுக்குப் பக்கவாட்டில் நாலு துளை. அரை மணிக்கொரு முறை கதவைத் திறந்து பார்த்தார். பல்பு பளீரென்று எரிந்தது. முட்டை மட்டும் சூடேறவில்லை. "மெல்ல மெல்லத்தான் ஏறும்" என்று எனக்குச் சொல்வதுபோல் தனக்குச் சொல்லிக்கொண்டார்.

மாலையில் கடைக்கு வந்த நான் சும்மா இருக்காமல் ஒரு துளையில் கண்ணை வைத்தேன். உள்ளே கும்மிருட்டு. இருட்டாக இருக்கிறதே என்றேன்.

"கதவ சாத்துனா லைட்டு அணைஞ்சிடும்மா. ஃபிரிட்ஜுன்னா அப்படித்தான்" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல். முப்பது வருடமாக வாடிக்கையாளர்களுக்குச் சொல்லிவந்த அதே பதில், அதே குரல். சொல்லி முடித்த பிறகுதான் ஸ்க்ரூடிரைவர் பிடித்த கை அப்படியே நின்றது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவர் முகத்தைப் பார்த்ததும் போன இடம் தெரியவில்லை.

கதவோரத்துப் பொத்தானைப் பிடுங்கி எறிந்தார். இரண்டு வயரையும் நேராக முறுக்கி ஒட்டினார். அதன்பிறகு கதவைச் சாத்தியும் துளை வழியே வெளிச்சம் தெரிந்தது. ஆனால் முட்டைகள் நாலு மணி நேரம் குளிரில் கிடந்தாயிற்று. தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"கோழியக் கொன்னது பத்தாதுன்னு குஞ்சையும் கொன்னுட்டேனாம்மா?"

துளையில் வெளிச்சம் இருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிட்டு மாடியேறினேன்.

பிறகு வெளிவேலை எதற்கும் அவர் போகவில்லை. நாளுக்கு மூன்று முறை இமை, பெருக்கல், சுழி. கடைசி மூன்று நாள் புரட்டக் கூடாது என்பதால் கையைக் கட்டிக்கொண்டு பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தார். இருபத்தொன்றாம் நாள் வந்தது. எந்த முட்டையிலும் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா அன்று சாப்பாட்டுச் செய்தியைக்கூட என்னிடம் சொல்லி அனுப்பவில்லை, தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் கீழே போனபோது ஸ்டூலில் அப்படியே இருந்தார். ஒருவர் ஃபிரிட்ஜ் ஓடவில்லை என்று வந்து நின்றார். இவர் கேஸ் போயிடுச்சு என்றுகூடச் சொல்லவில்லை, நாளைக்கு வாங்க என்று கையைக் காட்டினார்.

பின்கதவு வழியாக அக்கா வந்தார், வழக்கம்போல் இடப்பக்கம். யாரையும் பார்க்காமல் பெட்டியைத் திறந்து ஒரு முட்டையை எடுத்துக் காதில் வைத்தார். வைத்தவர் வெகுநேரம் அப்படியே நின்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அக்கா ஸ்டூலைச் சுற்றி வந்தார். வலப்பக்கம் நின்று, முட்டையை அவர் காதோடு சேர்த்துப் பிடித்து, "கேக்குதா?" என்றார்.