பிள்ளைக்குப் பசி கேட்ட துஆ

சகோதரிகளுக்கு என் ஸலாம். வெட்கப்பட்டு இதைச் சொல்லாமல் விட்டால், கிடைத்த அருளை நான் மட்டும் பொத்தி வைத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் எழுதுகிறேன்.

மகன் பிறந்து ஐந்தாவது வாரம், வலது மார்பில் பாக்கு அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. இரண்டு நாளில் அது கல்லாக இறுகிவிட்டது. பால் இறங்கவில்லை. சட்டை பட்டாலே உயிர் போகிற வலி. மூத்த மகளுக்குப் பால் கொடுத்தபோதும் இப்படித்தான் ஆனது. அப்போது வெட்கத்தில் யாரிடமும் காட்டாமல் மறைத்தேன். கட்டி பழுத்து, வெட்டி, அத்தோடு அவளுக்குத் தாய்ப்பால் நின்றே போனது. இவனுக்கும் அப்படி ஆகிவிடுமோ என்று பயந்து செத்தேன்.

பிள்ளை பெற்று நாற்பது நாள் முடியாததால் தொழுகையும் இல்லை. நெற்றியை நிலத்தில் வைத்து ஸுஜூதில் அழக்கூட முடியாதவளின் துஆ அல்லாஹ்விடம் போய்ச் சேருமா என்று மனம் உடைந்திருந்தேன். என் கணவர்தான் சொன்னார்: "தொழத்தானே ஏலாது. கேக்க ஏலாதெண்டு ஆர் சென்ன?" அன்றிலிருந்து தொட்டிலை ஆட்டிக்கொண்டும் கேட்டேன், படுத்துக்கொண்டும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த மிட்வைஃப் மிஸ்ஸிடம் இந்த முறை மறைக்கவில்லை. அவர் கல்முனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். டாக்டர் பார்த்துவிட்டு, சீழ் பிடிக்கவில்லை, பால்குழாய்தான் அடைத்திருக்கிறது என்று பிசியோதெரபிக்கு எழுதித் தந்தார். துண்டுச் சீட்டில் அல்ட்ராசவுண்ட் என்றிருந்தது. உள்ளே எதையோ தேடப்போகிறார்கள் என்று நடுங்கிவிட்டேன்.

அங்கே இருந்த பிசியோதெரபி மிஸ் பாண்டிருப்புக்காரர், தமிழ்ப் பெண். திரையை இழுத்து மூடிவிட்டு, "இது படம் எடுக்கிற மெஷின் இல்ல, கட்டியை இளக்கிற மெஷின். பயப்பட ஒண்டுமில்ல" என்றார். குளிர்ந்த ஜெல்லைப் பூசி, ஒரு சின்னக் குமிழைக் கட்டியின் மேல் வட்டம் வட்டமாகச் சில நிமிடம் நகர்த்தினார். இளஞ்சூடு, அவ்வளவுதான். "இப்பவே பிள்ளையைப் போடுங்க. அவர் இழுத்துக் குடிச்சாத்தான் அடைப்பு போகும்."

வெளியே உம்மா வைத்திருந்த மகனை வாங்கி மார்பில் போட்டேன். அவன் வாயே திறக்கவில்லை. நல்ல உறக்கம்.

"கடைசியா எப்ப குடிச்சவர்?" என்று மிஸ் கேட்டார்.

உம்மா நிலத்தைப் பார்த்தார். "இப்பதான். வெளிய இருக்கக்குள்ள அழுதான். புள்ள பாவம், போத்தல் பால் குடுத்தன்."

எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கட்டி கரையவில்லை. "நாளைக்கும் வாங்க. பிள்ளையைப் பசியோட கொண்டு வாங்க" என்று மிஸ் அனுப்பிவைத்தார்.

மறுநாள் மருதமுனையிலிருந்து ஆட்டோவில் போகும்போது ஒரே துஆதான். யா அல்லாஹ், என் பிள்ளைக்குப் பசியைக் கொடு. எந்தத் தாய் இப்படிக் கேட்பாள்? நான் கேட்டேன். பாண்டிருப்பு தாண்டியதும் அவன் வீறிட்டு அழத் தொடங்கினான். உம்மாவின் கை பைக்குள் போனது.

"உம்மா, பையை இஞ்ச தாங்க."

"அழுறான் மகள்."

"அழட்டும் உம்மா. நான் கேட்டதே அதத்தான்."

அன்று மெஷின் வைத்து முடிந்ததும், அவன் தாடை கட்டியின் பக்கம் வரும்படி மிஸ் பிடித்துத் தந்தார். பாய்ந்து கவ்வினான். கொஞ்ச நேரத்தில் உள்ளே ஏதோ திறந்துகொண்டது. பால் ஓடிய வேகத்தில் புரையேறி முழித்துப் பார்த்தான், பிறகு விடவே இல்லை. தொட்டுப் பார்த்தேன். கல்லாக இருந்த இடம் மெத்தென்றிருந்தது. நான் அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். "மெஷின் பாதி, மகன் பாதி" என்று மிஸ் சிரித்தார். உம்மா மூலையில் நின்று அழுதார். இன்னும் ஒரு நாள் போனோம். கட்டி முழுவதும் போய்விட்டது.

நாற்பது முடிந்து முதல் தொழுகையில் நெற்றியை வைத்தபோது கேட்பதற்கு ஒன்றும் நினைவில் வரவில்லை. நன்றி மட்டும்தான் வந்தது. முன்பெல்லாம் பெரிய விஷயத்துக்குத்தான் துஆ என்று நினைத்திருந்தேன். இப்போது எல்லாவற்றுக்கும் கேட்கிறேன்.

என்னைப் போல் மறைத்து வைத்திருக்கும் சகோதரி யாராவது இருந்தால், கேளுங்கள். கேட்டுவிட்டு, காட்டவேண்டியவரிடம் போய்க் காட்டுங்கள். அல்லாஹ் தரும் பதில் யார் கையால் வரும் என்று நமக்குத் தெரியாது. உங்கள் துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனுக்கு இப்போது ஏழு மாதம். இதை எழுதி முடிப்பதற்குள் மூன்று தடவை பால் குடித்துவிட்டான், இதோ மறுபடியும் எழும்பிவிட்டான்.