வயிற்றில் வைத்த கத்தி

தாராவியில் தோல் வெட்டும் நம்பிராஜனுக்கு 1946 மார்ச்சில் குடல்வால் அறுவை நடந்தது. மயக்க மருந்தில் மேகத்தின்மேல் மிதந்ததாகச் சொல்வார். அந்த மிதப்புத் தெளியுமுன்பே, "வயிற்றில் கத்தி வைத்தார்கள்" என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி, விடுப்புக் கேட்டு எழுதினார். தெருச்சண்டையில் குத்துப்பட்டவர் என்று எண்ணி முதலாளி அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்.

"சட்டையத் தூக்கித் தழும்பக் காட்டிட்டு வாங்க," என்றாள் மனைவி ஆறுமுகத்தாய்.

"குத்துப்பட்டவனுக்கும் தழும்பு இருக்கும்லா," என்றார் அவர்.

அகராதியைப் புரட்டுவதிலேயே நாட்கள் கனவுபோல் நகர்ந்தன. ஆங்கிலத்தில் கத்தியை வைப்பதில்லை, நோயாளிதான் கத்தியின் கீழே போகிறான் என்பதை ஒரு பிற்பகலில் கண்டறிந்தார். அவ்வாறே திருத்தி மறுபடியும் மனு எழுதினார். திங்கட்கிழமை வேலைக்கு வரச்சொல்லிப் பதில் வந்தது. தவறுக்கு வருந்தி ஒரு சொல்லும் அதில் இல்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்டு, நம்பிராஜன் மூன்றாவது மனுவை எழுதத் தொடங்கினார்.