காலையிலேயே போட்ட டிக்

கவிழ்ந்த துடுப்புப் படகின் பக்கத்தில் லைஃப் ஜாக்கெட் மட்டும் மிதந்தது. கொக்கி மாட்டாததால் அது ரூபஸின் தலை வழியாகக் கழன்றுவிட்டது. பூந்தமல்லியைத் தாண்டிய அந்த ஏரிக்கரையில் ஏழு வருடமாகப் படகுச் சீட்டுக் கொடுக்கும் ஞானகுமாரி, அலறிக்கொண்டு ஓடினாள். ரூபஸ் அவள் தம்பி.

படகுக்காரர் தசரதன் நீந்திப்போய் அவன் முடியைப் பிடித்து இழுத்து வந்தார். தண்ணீரைக் கக்கியபின் ரூபஸுக்கு மூச்சு வந்தது.

"இன்னா நைனா, ட்ரெயினிங் எட்த்தவன்னு சீட்டுல டிக் கீது. கொக்கி மாட்டத் தெரியாதா?"

"நான் எங்க அண்ணாத்தே எட்த்தேன்? அக்காதான் டிக் போட்டுச்சு."

அரசாங்கம் சட்டம் போட்டால்தான் ஜனங்கள் படகேறும் முன் பயிற்சிக்கு நிற்பார்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் ஞானகுமாரி சொல்வாள். வரிசை நீளக்கூடாதென்று, காலையிலேயே எல்லாச் சீட்டிலும் டிக் போட்டு வைப்பதும் அவள்தான். தம்பி எந்தச் சீட்டை எடுத்தான் என்றுகூட அவள் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் சீட்டுகளில் அவள் எதுவும் போடவில்லை. ஒன்பது பேர் வந்தார்கள். தசரதன் அவர்களை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கச் சொன்னார். துணி நனையுமென்று நான்கு பேர் திரும்பிப் போனார்கள். மற்ற ஐவரும் கொக்கியை மாட்டி, ஒருமுறை கவிழ்ந்து எழுந்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து சீட்டில் டிக் போட்டாள்.