ஓலை வாசிக்கும்போது எழுந்து போனேன்

பூசை முடிவதற்குள் எழுந்து போவதற்கும் ஒரு மரியாதை உண்டு என்பது பினாங்குக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதிலும் பாதிதான் தெரிந்தது. தெரியாத மீதியால் ஒரு பெண்ணின் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது.

ஜப்பான்காரன் காலம். எனக்குப் பத்தொன்பது வயது. தாசேக் கெலுகோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் வேலை நின்றுபோய், பினாங்கின் ஜெலுத்தோங்கில் ஒரு படகுப் பட்டறையில் சேர்ந்திருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். தோட்டத்தில் மாதம் ஒருமுறைதான் பாதிரிச் சாமி வந்து பூசை வைப்பார். அங்கே யார் பாதியில் எழுந்து போவார்கள்? போவதற்குத்தான் இடம் ஏது?

இங்கே கதை வேறு. கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்குத் திருப்பிவிட்டதால் விடியாமலே பூசை. ஜனங்கள் பிந்திப் பிந்தி வந்தார்கள். அதனால் எங்கள் சாமி அறிவிப்புகளை எல்லாம் கடைசி ஆசீர்வாதத்துக்குச் சற்று முன்னால் வாசிப்பார். பட்டறையிலோ ஞாயிறும் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் ரோல்கால் உண்டு. பிந்தினால் கன்னத்தில் அறை, அந்த வார அரிசியும் போச்சு. ஆகவே பட்டறை ஆட்கள் நாலு பேரும் கடைசிப் பெஞ்சில் உட்காருவோம். எல்லோரும் சாமியிடம் நன்மை அப்பம் வாங்கி முடித்ததும், முழங்கால் மடக்கி, கட்டைச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கவாசல் வழியாக நழுவுவோம். அறிவிப்பு நேரம்தான் அதற்குத் தோது என்று நானே முடிவு பண்ணியிருந்தேன். அப்போது சாமி பேசுவது நம்மோடுதானே, ஆண்டவரோடு இல்லையே!

அந்த ஞாயிறு மற்ற மூன்று பேரும் அசையவில்லை. நேரத்தை மறந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். எனக்கு ரோல்காலுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. எழுந்தேன். சாமி ஒரு கல்யாண ஓலை வாசித்துக்கொண்டிருந்தார். "இவர்கள் விவாகத்துக்கு விக்கினம் ஏதும் தெரிந்தவர்கள்..." என்றபோது என் கையிலிருந்த செருப்பு ஒன்று நழுவிச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. சாமி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கோவிலே திரும்பிப் பார்த்தது. நான் செருப்பைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார்.

"டேய், வெளிய வா. என் தங்கச்சிக்கும் உனக்கும் என்ன?"

"ஒண்ணும் இல்லக்கா! ரோல்காலுக்குப் போனேன்."

"ரோல்காலுக்குப் போறவன், சாமி விக்கினம்னு சொல்ற வரைக்கும் காத்திருந்துதான் எழுவியா?"

அப்போதுதான் விவரம் புரிந்தது. எந்த அவசரக்காரனும் ஓலை வாசிக்கும்போது மட்டும் எழமாட்டான். இருமல் வந்தாலும் அடக்கிக்கொள்வான். எழுந்தால் கல்யாணத்துக்குத் தடை சொல்ல எழுந்தான் என்றுதான் சபை எடுத்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்; அன்று வாசித்தது அக்காவின் தங்கைக்கு மூன்றாவது ஓலை. போன இரண்டு ஞாயிறும் வேறு அறிவிப்பு முதலில் வந்ததால் நான் அதற்குள் வெளியே போயிருந்தேன்.

"மாப்பிள்ளையோட மாமா பிடிவாதமா உட்கார்ந்துட்டாரு. அந்தப் பையன் ஏன் போனான்னு தெரியாம தாலி கட்ட விடமாட்டாராம். புதன்கிழமை கல்யாணம்லா! தள்ளிப் போச்சுன்னா மாப்பிள்ளைப் பிள்ளைய ஜப்பான்காரன் சயாமுக்குப் பிடிச்சிட்டுப் போயிடுவான்."

கல்யாணமாகாத ஆண்களைத்தான் முதலில் சயாம் ரயில் பாதைக்கு அனுப்புகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. என்னால் ஒருவர் அங்கே போய்ச் சாவதா? சட்டையை மாட்டிக்கொண்டு அக்கா பின்னாலேயே மாப்பிள்ளை வீட்டுக்குப் போனேன்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் நடந்ததைச் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன்.

"வீட்டுக்குள்ள சொன்னா ஆச்சா? எழுந்து போனது சபையில. புதன்கிழமை முதல் பெஞ்சில என் பக்கத்துல உட்காரு. கடைசி ஆசீர்வாதம் வரைக்கும் எழக் கூடாது. ஊர் பார்க்கட்டும்."

பின்னால் நின்ற மாப்பிள்ளை, ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர், மெல்லச் சொன்னார்: "மாமா, அவருக்கு வேலை போயிடுமே."

"உனக்குக் கல்யாணம் வேணுமா, அவன் வேலை வேணுமா?"

அவர் பதில் சொல்வதற்குள், "நான் வர்றேன் ஐயா" என்று என் வாய் சொல்லிவிட்டது.

திங்கட்கிழமை பட்டறை மேஸ்திரி, நாங்கள் தவுக்கே என்று மரியாதையாகக் கூப்பிடும் சீன மண்டோரிடம் போய் நின்றேன். அறைவார், அரிசியை வெட்டுவார், சயாம் பட்டியலில் என் பெயரையே எழுதுவார் என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போயிருந்தேன்.

"சொந்தக்காரங்க கல்யாணமா?" என்று மலாயில் கேட்டார்.

"இல்லை தவுக்கே. ஆனால் நான் போய் உட்காராவிட்டால் கல்யாணம் நடக்காது."

கதையைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் அவருக்குப் புரையேறிவிட்டது. "மத்தியானத்துக்குள்ள வந்துடு. விட்ட வேலையை ஞாயிறு சாயந்தரம் செய்" என்றார். அவ்வளவுதான். அவர் மனம் மாறுவதற்குள் நான் உளியை எடுத்துக்கொண்டு வேலைக்கு ஓடினேன்.

புதன்கிழமை முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மாமா என் முழங்கால்மேல் கையை வைத்தவர் எடுக்கவே இல்லை. பெண் கொசுவலைத் துணியில் தைத்த முக்காடு போட்டிருந்தாள். தாலி ஏறியது. எனக்குத் தும்மல் வந்தது, அடக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ, "பாருடி, அழுவுறான்" என்று கிசுகிசுத்தது காதில் விழுந்தது. இதை வேறு எப்படி எடுத்துக்கொள்வார்களோ!

கடைசி ஆசீர்வாதம் முடிந்ததும் மாமா கையை எடுத்தார். "இப்ப போடா, ரோல்காலு."

நான் போகவில்லை. மத்தியானத்துக்கு நேரம் இருந்தது. வெளியே மரவள்ளிக்கிழங்கை அவித்துத் தேங்காய்ப்பூ தூவி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளை, கழுத்து மாலையோடு வந்து, முதல் இலையை என் கையில் கொடுத்தார். "இனிமே என்னை யாரும் தனி ஆள்னு பிடிக்க முடியாது" என்றார். சொல்லிவிட்டு, ரோட்டில் போன லாரிச் சத்தத்துக்குச் சட்டென்று திரும்பிப் பார்த்தார். பயம் எனக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.