குழாயடியில் இங்கிலீஷ்

தொண்ணூற்றெட்டில் கொச்சி மட்டாஞ்சேரியின் அந்தச் சந்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். ஆள் நிற்க வேண்டாம், குடத்தை வரிசையில் வைத்தால் போதும். ஆனால் முறை வரும்போது குடத்தின்மேல் ஒரு கை இருக்க வேண்டும். இல்லையென்றால் குடம் ஓரத்துக்குப் போய்விடும். அதற்காக யாரும் சண்டைக்கு வர முடியாது.

மகா இறால் உரிக்கும் கொட்டகையிலிருந்து வந்தபோது அவளுடைய குடங்கள் ஓரத்தில் காலியாகக் கிடந்தன. குழாயில் வெறும் காற்று. பக்கத்துப் படியில் அவள் புருஷன் வாஞ்சிநாதன் புத்தகத்தை முகத்தருகே பிடித்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை அவனுக்கு இன்டர்வியூ. வெள்ளைக்காரர்கள் தங்கும் ஓட்டலில் வரவேற்பு வேலை. தமிழ்நாட்டிலிருந்து தெருக்கூட்ட வந்த குடும்பத்தில் பிறந்து, மலையாளப் பள்ளியில் படித்து, எர்ணாகுளத்து லாட்ஜில் அறை பெருக்கிக்கொண்டே இங்கிலீஷைத் தானாகப் பிடித்தவன். வேலை கிடைத்தால் மகா கொட்டகையை விடலாம். அவனிடம் இருந்தது ஒரே வெள்ளைச் சட்டை. அதில் நெஞ்சுப் பக்கம் மீன்குழம்பு கொட்டியிருந்தது. அதைத் துவைக்கத்தான் இன்றைய தண்ணீர்.

"பேச்சியக்கா, குடத்த யாரு தள்ளினது?"

"நான்தான். படியில இருந்த உன் சேட்டனெ எத்தன தடவ விளிச்சேன். விரலக் காட்டி நிக்கச் சொன்னாரு. தண்ணி நிக்குமா?"

"நாளைக்கு மானேஜர் விளிச்சாலும் விரலத்தான் காட்டுவாரு" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். மகா காலிக் குடம் ஒன்றை எடுத்து ஓங்கித் தரையில் வைத்தாள்.

வாஞ்சிநாதன் எழுந்து வந்தான். "கோவிக்காத மகா. நான் இப்படி ஒக்காந்திருந்ததுக்கே இங்கிலீஷ்ல எத்தன சொல்லு இருக்கு தெரியுமா? மூக்கப் புத்தகத்துல புதைச்சிருக்கான்னு சொல்லுவான். காதுவரைக்கும் வேலையில மூழ்கிட்டான்னு சொல்லுவான். தன்னையே அதுல தொலைச்சிட்டான்னு சொல்லுவான். இந்தப் பக்கம் பூரா அதுதான்."

"பொண்டாட்டி விடிஞ்சதுலேருந்து ஐஸ்ல கைய விட்டுக்கிட்டு நிக்கிறதுக்கு என்ன சொல்லுவான்?"

அவன் பக்கத்தைப் புரட்டினான். கேலிக்குப் புரட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். அவன் நிஜமாகவே தேடினான்.

பேச்சி தன் குடம் ஒன்றைத் தூக்கி அவள் இடுப்பில் வைத்தாள். "கஞ்சிக்காவது ஆகும். போ."

வீட்டில் மகா பாதியைக் குடிக்க மூடி வைத்தாள். மீதியை உலையில் ஊற்றினாள். அவன் சட்டையோடு வந்து நின்றான்.

"அந்தக் கறைக்கு மட்டும் ஒரு செம்பு."

"அரிசி போட்டாச்சு."

"இதப் போட்டுக்கிட்டு எப்படிப் போவேன்?"

"அந்தப் புத்தகத்த நெஞ்சோட சேத்துப் பிடிச்சுக்கிட்டுப் போங்க. கறை தெரியாது."