கொழுகொழுவென்று ஒரு பிள்ளை

மலாயாவில், கிள்ளான் ஊருக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் ஆயாக்கொட்டகையைப் பார்த்துக்கொண்டவள் பவுனம்மாள். தாய்மார் வேலைக்காட்டுக்குப் போனதும் கைப்பிள்ளைகள் எல்லாம் அவள் பொறுப்பு. வாய் கொஞ்சம் நீளம். ஜப்பான்காரன் வந்து அரிசி அற்றுப்போய், தோட்டமே மரவள்ளிக்கிழங்கில் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்த நாளிலும், "என் கொட்டகைப் பிள்ளைங்கள வந்து பாருங்கடி" என்று பீற்றிக்கொள்வாள்.

பீற்றியதெல்லாம் இரண்டு வயது ரமணியை வைத்துத்தான். வேலைக்காட்டுக்குப் போகும் தனலெட்சுமியின் ஒரே மகள். ஈர்க்குச்சியாக வந்த பிள்ளை, கிழங்குக் கஞ்சியில் கன்னம் உப்பி, கைகால் பளபளவென்று ஆகிவிட்டது. தேறியவளுக்கு எதற்கு என்று, கிடைத்த நெத்திலியை எல்லாம் பவுனம்மாள் மற்ற நோஞ்சான்களுக்கே போட்டாள். கொள்ளிக்கண் பட்டுவிடக் கூடாதென்று ரமணியின் கணுக்காலில் கறுப்புக் கயிறு வேறு கட்டினாள்.

ஒருநாள் கால் கழுவிவிடும்போது கயிற்றைக் காணவில்லை. தடவிப் பார்த்தால் சதைக்குள் புதைந்து கிடந்தது. பதறிப்போய் அறுத்தெடுத்தாள். கயிறு போயும் பள்ளம் போகவில்லை. பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். அங்கேயும் குழி விழுந்து அப்படியே நின்றது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சபாபதியிடம் ஓடினாள். அவருடைய மருந்து அலமாரி காலியாக இருந்தது.

"இது சதை இல்லம்மா, நீர். கிழங்கு வயித்த ரொப்பும், உடம்ப வளக்காது. நல்லவேளை, இன்னும் முத்தல. மீனு, பயறு, கீரை, இதான் மருந்து. ஒரேயடியா திணிக்காத, கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி குடு."

"நான்ல கொன்னிருப்பேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தனலெட்சுமியிடம் இதைச் சொல்வதற்குள், ஜப்பான்காரன் அவளைத் துறைமுகப் பக்கம் பதுங்குகுழி வெட்ட லோரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். பிள்ளை பவுனம்மாளிடமே தங்கியது. தன் பங்குக் கிழங்கைப் பாசாரில் கொடுத்து நெத்திலி வாங்கினாள். உப்புப் போகக் கழுவி, வறுத்து இடித்து, கீரையும் செம்பனை எண்ணெயும் சேர்த்துக் கஞ்சியில் குழைத்து ஊட்டினாள். வாய்க்கால் நத்தையைக்கூட விடவில்லை. வீக்கம் வடிந்தது. வடிய வடிய, உள்ளே ஒளிந்திருந்த பிள்ளை வெளியே தெரிந்தது. விலா எலும்பும் குச்சிக் காலும் ஒட்டிய கன்னமும்தான் மிச்சம்.

சில வாரம் கழித்துத் திரும்பி வந்த தனலெட்சுமி அலறிவிட்டாள்.

"அடிப்பாவி! கொழுகொழுன்னு விட்டுட்டுப் போனேனே! எம்புள்ள பங்க யாருக்குடி போட்ட?"

பிள்ளையைப் பிடுங்கி இடுப்பில் வைத்தாள். "இனிமே நானே கிழங்கு குடுத்துத் தேத்திக்கிறேன்" என்று நடையைக் கட்டினாள்.

ஓடிப்போய் வழிமறித்த பவுனம்மாளின் கண்ணில் தனலெட்சுமியின் கால் பட்டது. அதுவும் பளபளத்தது. சட்டென்று குனிந்து முழங்காலுக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி எடுத்தாள். குழி நின்றது.

இருவரும் அதையே பார்த்தார்கள்.

"இதாண்டி ரமணிக்கும் இருந்திச்சு" என்றாள் பவுனம்மாள். "உக்காரு. இருக்கிறத ரெண்டு பேரும் சாப்பிடுங்க."

தனலெட்சுமி கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தாள். சட்டியில் ஒரு பிள்ளைக்குக் காணும் அளவுதான் கஞ்சி இருந்தது. ரமணியை இறக்கிப் பவுனம்மாளின் மடியில் வைத்தாள்.

"இவளுக்கே ஊட்டுக்கா. நான் வேலைக்காட்டுக்குப் போறேன்."